பரமக்குடி ஆற்றங்கரையில் ஒரு பெஞ்ச்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மதுரை மாட்டுத்தாவணியில் இராமேசுவரம் பஸ்ஸில் ஏறியபோது நான் நல்ல மனநிலையில்தான் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பயணத்தில் அப்படி இருந்த நேரம் பரமக்குடி வரைக்குமான எழுபத்தைந்து கிலோமீட்டர் மட்டும்தான்.

கட்டடங்களைச் சுற்றித் தோட்டம் வடிவமைப்பது என் தொழில். சென்னையில் ஓர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன். பரமக்குடியில் வைகைக் கரையில், அந்தக் காலத்தில் இராமேசுவரத்துக்கு நடந்து போனவர்கள் தங்குவதற்காகக் கட்டிய சத்திரம் ஒன்று இடிந்து கிடந்தது. அதை ஒருவர் வாங்கி, பழமை மாறாத ஹோட்டலாக்குகிறார். தோட்டம் எங்கள் பொறுப்பு. வேலை முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா, நீ போய்ப் பார்த்து, எல்லாம் டிராயிங்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பியிருந்தார்கள்.

“பரமக்குடி ஒண்ணு. அந்தப் புது ஹோட்டல் பக்கத்துல இறங்கணும்” என்றேன் கண்டக்டரிடம்.

“ஓட்டலா? எந்த ஓட்டலு?”

“ஆத்தங்கரையில, பழைய சத்திரம்…”

“சத்திரம்னு சொல்லுங்க. ஓட்டலுன்னா யாருக்குத் தெரியும்?” எண்பது ரூபாய்க்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “வேலைக்கு வாரீகளா, தங்க வாரீகளா?” என்றார். வேலைக்கு என்றேன். “அப்பச் சரி. தங்க வந்தா ஒரு நாளைக்கு அய்யாயிரமாம்ல” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். இந்த இடத்துக்கு நான் வருவது இதுதான் முதல் தடவை. ஒன்றரை வருடம் வேலை நடந்தது, முப்பத்தெட்டு டிராயிங் போட்டேன், ஒருமுறைகூட வரவில்லை. ட்ரோன் விட்டு எடுத்த படங்கள் இருக்கின்றனவே, போய்வரச் செலவு எதற்கு என்றார்கள் அலுவலகத்தில். நான் ஒருமுறை கேட்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்த இரண்டாம் முறையைத்தான் இப்போது நினைத்து நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன்.

காலை 8.30. சத்திர வாசலில் இறங்கி முதலில் ஆற்றைப் பார்க்கப் போனேன். என் டிராயிங்கில் ஆறு நீல நிறம். ஆற்றைப் பார்த்தபடி ஒரு மர மேடை, அதில் நாற்காலிகள், “நீர்க்காட்சி மாடம்” என்று பெயர்கூட வைத்திருந்தேன். மேடை அழகாகத்தான் வந்திருந்தது. அதில் நின்று பார்த்தால் எதிர்க்கரை எமனேசுவரம் வரைக்கும் மணலும் சீமைக்கருவேலமும். நடுவில் ஊர்ச் சாக்கடை ஒரு கறுப்புக் கோடாகப் போய்க்கொண்டிருந்தது. வருடத்தில் முக்கால்வாசி நாள் வைகை இங்கே இப்படித்தான் இருக்கும். அது பரமக்குடியில் நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

அந்த வறண்ட ஆற்றின் கரையில், பச்சைப் பசேல் என்று கால் ஏக்கர் புல்வெளி. தினம் மூன்று டேங்கர் லாரித் தண்ணீர். திரும்பின பக்கமெல்லாம் பனைமரம் நிற்கிற மாவட்டத்துக்கு, ஆந்திராவிலிருந்து லாரியில் ஏற்றி வந்த பனைகள் பதினாறு. ஈச்சம்பனை போல ஒரு வெளிநாட்டு ஜாதி. ஐந்து ஏற்கெனவே மஞ்சளடித்துச் செத்துக்கொண்டிருந்தன. எந்த மரம் வேண்டும் என்று பெயர் எழுதிக் கொடுத்ததும் நான்தான், வேறு யாரும் அல்ல.

வாட்ச்மேன் காதர் பாய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தார். கீழக்கரைக்காரர், பதினெட்டு வருடம் துபாயில் இருந்தவர். புல்வெளியைப் பார்த்து நான் முகம் சுளிப்பதைக் கவனித்துவிட்டார்.

“அங்கனயும் பாலைவனத்துல புல்லு வளக்கத்தான் செஞ்சாக மேடம். கடல்தண்ணியக் குடிதண்ணி ஆக்குற துட்டு அவுககிட்ட இருந்துச்சு. இங்கன தெருவுல பொம்பளைக கொடத்த வச்சுக்கிட்டு லாரிக்கு நிக்கிறாக. லாரி வந்து நம்ம வாசல்ல நிக்கிது.”

புல்வெளியின் நடுவே, மஞ்சள் பூச்செடிகள் சூழ, ஒரு கல் பெஞ்ச் இருந்தது. ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரே கருங்கல். “பழைய கல் பெஞ்ச், உள்ளே மாற்றி வைக்கவும்” என்று என் டிராயிங்கில் இருந்த கல்தான். தெருவோரம் கிடந்ததை உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். நடந்து களைத்திருந்ததால் டீயோடு அதில் உட்கார்ந்தேன்.

“அதுல உக்காராதீக மேடம்” என்றார் காதர் பாய்.

பெயின்ட் அடித்திருக்கிறதோ என்று எழுந்து புடவையைப் பார்த்தேன். அவர் குனிந்து, கல்லின் பக்கவாட்டைக் காட்டினார். செடிகளை விலக்கினால் எழுத்துகள் தெரிந்தன. “இருளாயி ஞாபகார்த்தம்.”

எனக்கு விளங்குவதற்கு அரை நிமிடம் ஆனது. விளங்கியதும் கையிலிருந்த டீயைப் புல்லில் கொட்டிவிட்டேன். அது பெஞ்ச் இல்லை. சுமைதாங்கிக் கல்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், சுமையை இறக்காமலே போய்விட்டாளே என்று வீட்டார் அவள் பேரில் வைக்கிற கல் அது. பாதையோரம் தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே கிடத்துவார்கள். தலைச்சுமையோடு போகிறவர் யாரையும் கூப்பிடாமல் அதில் சுமையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தானே ஏற்றிக்கொள்ளலாம். ஒவ்வொருவர் இறக்கும்போதும் அந்தப் பெண்ணின் பாரமும் கொஞ்சம் இறங்குகிறது என்பது நம்பிக்கை. இதையெல்லாம் நான் கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ட்ரோன் மேலிருந்து பார்க்கிறது. மேலிருந்து பார்த்தால் பெஞ்சும் சுமைதாங்கியும் ஒரே செவ்வகம். பெஞ்ச் என்று எழுதினேன். உயரம் என்ன என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெஞ்ச் என்றால் நானூற்றைம்பது மில்லிமீட்டர் என்று பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன்.

கான்ட்ராக்டர் செல்வத்தைப் பிடித்துக்கொண்டேன். மதுரைக்காரர், நாற்பது வயது. நான் கத்தியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கைபேசியில் என் டிராயிங்கைத் திறந்து காட்டினார்.

“ஒங்க டிராயிங்லதான மேடம் பெஞ்சுன்னு இருக்கு. ஒசரம் நாநூத்தம்பது. கல்லு தோள் ஒசரம் இருந்துச்சு. அம்புட்டு ஒசரத்துல எவன் ஏறி உக்காருவான்? குழிய ஆழமா வெட்டி எறக்கிட்டேன். கல்லோட காலை வெட்டிரலாம்னுதான் பாத்தோம், அன்னிக்கு மிஷின் ரிப்பேரு.”

“பேர் எழுதியிருக்கே, பார்க்கலையா?”

“பாத்தேன் மேடம். சுமைதாங்கின்னும் தெரியும். டிராயிங்ல மாத்தி எழுத நான் யாரு?”

தெரிந்தே செய்த அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைவிட, தெரியாமல் எழுதிய என்மேல் வந்த கோபம் பெரிது. ஆனாலும் அவரைத்தான் திட்டினேன். பக்கத்தில் அவர்தானே இருந்தார்.

காதர் பாய் அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை அங்கேயே நிறுத்தியது. இருளாயிக்கு ஒரு தங்கை இருக்கிறார். பெயர் பாக்கியம், பாம்பனில் கருவாட்டு வியாபாரம். வியாழக்கிழமை தோறும் முதல் பஸ்ஸில் கூடையோடு பரமக்குடிச் சந்தைக்கு வருவார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்து, அக்கா கல்லில் கூடையை இறக்கி வைத்து, வெற்றிலை போட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போவார். நாலு மாதமாகக் கல் கேட்டுக்கு உள்ளே. அவர் கேட்டுக்கு வெளியே.

“ஒவ்வொரு வியாழனும் வந்து வைவாக மேடம். உள்ள விடக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர். கருவாட்டு வாடைன்னு சொல்லச் சொன்னாக. நான் அத மட்டும் சொல்லல. ஆனா கேட்டத் தொறக்கவும் இல்ல” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிற்பகல் உரிமையாளருக்குப் போன் செய்தேன். விவரத்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “வருத்தமா இருக்கு மேடம். ஆனா விளம்பரத்துல எல்லாம் அந்த பெஞ்ச்தான் முகப்புப் படம். நம்ம ஹோட்டலோட அடையாளமே அதுதான். அந்த அம்மாவுக்கு வேற நல்ல கல்லா ஒண்ணு வாங்கிக் கொடுத்திடுவோம். கல்லுதானே? விழா முடியற வரைக்கும் எதையும் தொடாதீங்க.” எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையெழுத்துப் போடாமல், ஹோட்டலில் எனக்குக் கொடுத்திருந்த அறைக்குப் போய்ப் படுத்தேன். சுவரில் அந்த பெஞ்சின் படம், சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

புதன்கிழமை, காலை 7.15. பாம்பனுக்குக் கிளம்பினேன். பரமக்குடியிலிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர். இராமநாதபுரத்தில் பஸ் மாறினேன், இரண்டு இட்லி ஒரு வடை நாற்பது ரூபாய். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். பாம்பன் கடலைப் பற்றி எழுதாமல் என்ன பயணக் கட்டுரை என்று நீங்கள் கேட்கலாம். நீலமாக இருந்தது. எனக்கு அன்று அதற்கு மேல் பார்க்கத் தெம்பில்லை.

கருவாட்டுப் பாக்கியம் என்று கேட்டதும் கடற்கரைக்கே கொண்டுபோய் விட்டார்கள். மணலில் விரித்த பழைய வலையில் நெத்திலியைக் காலால் அளைந்து புரட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். குட்டையான, கழுத்து தடித்த, வலுவான உடம்பு. நான் யாரென்று சொன்னேன். சத்திரத்துத் தோட்டத்துக்குப் படம் போட்டவள் நான்தான், கல்லை உள்ளே வைக்கச் சொன்னவளும் நான்தான் என்றேன்.

“நீதானா அது?” என்றார். குரல் உயரவில்லை. “எங்கக்கா மேல எத்தன பேரு உக்காந்தாக?”

நானும் உட்கார்ந்தேன் என்று சொன்னேன்.

“படிச்ச பொம்பளதான நீயி? பேரு வெட்டியிருக்குல்ல, வாசிக்கலையா? எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கே தெரியும், எங்கக்கா பேரு எங்கன ஆரம்பிச்சு எங்கன முடியுதுன்னு.”

மேலிருந்து எடுத்த படத்தில் பக்கவாட்டு எழுத்து தெரியாது என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பார். அடித்திருந்தாலும் தப்பில்லை.

அவர் புரட்டுவதை நிறுத்தாமலே பேசினார். “பரமக்குடியிலதான் அவளக் கெட்டிக் குடுத்திருந்துச்சு. நெறமாசம். வலி எடுத்து ரெண்டு நாளு. பிள்ளையும் வரல, அவளும் போயிட்டா. எங்க அய்யா கல்ல வண்டியில கொண்டாந்து அவரே முன்னால நின்னு நட்டாரு. எனக்கு அப்பப் பதினாலு வயசு. அன்னையில இருந்து நாந்தான் வாரா வாரம் எறக்குறேன். இந்த நாலு மாசமா பஸ் ஸ்டாண்டுல எறங்குனா சந்தை வரைக்கும் ஒரே மூச்சுதான். நடுவுல எறக்கி வச்சா யாரு தூக்கி விடுறது? கூப்புட்டா மூக்கப் பொத்திக்கிட்டுப் போறானுக.”

உரிமையாளர் வேறு கல் வாங்கித் தருவதாகச் சொன்னதை மறைக்க மனம் வரவில்லை. சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அவுக ஆத்தா செத்துப்போனா வேற ஆத்தா வாங்கி வச்சுக்கிருவாராமா அவரு?”

என்ன வேண்டும் என்று கேட்டேன். “கல்லு ரோட்டுல நிக்கணும். ஒசரமா நிக்கணும். வேற எனக்கு ஒண்ணும் வேணாம்.”

எவ்வளவு உயரம் இருந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, செல்வமும் அளந்து வைக்கவில்லை. என் பையில் அளவு நாடா இருந்தது. பாக்கியம் ஈரக் கருவாட்டுக் கூடை ஒன்றைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு மணலில் கால் ஊன்றி நின்றார். “தோளுக்கு ஒரு விரக்கட தாழ இருக்கணும். ஒசந்துபோனா எறக்க முடியாது. தாழ்ந்துபோனா மறுபடி ஏத்த முடியாது” என்றார். அளந்தேன். நாலடி ஒரு அங்குலம். பத்தொன்பது வருடத் தொழிலில் ஒரு மனுஷியை நிற்கவைத்து நான் அளவெடுத்தது அன்றுதான். இத்தனை நாளும் புத்தகத்தில் போட்டிருக்கிற உயரத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

மாலை 4.30. பரமக்குடி. வந்ததும் வராததுமாக, காதர் பாயின் மேசையில் ஒரு தாளை விரித்து வரைந்தேன். மேலிருந்து பார்க்கிற படம் இல்லை, நேரே நின்று பார்க்கிற படம். இரண்டு கால், மேலே ஒரு கல், பக்கத்தில் தலையில் கூடையோடு ஒரு பெண். “சுமைதாங்கி. உயரம் நாலடி ஒரு அங்குலம். சுற்றுச்சுவருக்கு வெளியே, பழைய இடத்தில் நிறுத்தவும்.” பழைய இடத்தில் காகிதப்பூச் செடி வைத்திருந்தார்கள். அதுவும் என் டிராயிங்கில் உள்ளதுதான். அதைப் பிடுங்கவும் என்றும் எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு, செல்வத்திடம் நீட்டினேன்.

அவர் இரண்டு முறை வாசித்தார். “மொதலாளி கேட்டா என்ன சொல்றது மேடம்?”

“டிராயிங்ல இருக்குன்னு சொல்லுங்க.”

அந்த மனிதர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! நாலு மாதமாக அவருக்கும் அது உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு தாள் இல்லாததால் உறுத்தலோடேயே இருந்திருக்கிறார். எந்தத் தப்பையும் ஒரு தாளைக் காட்டிச் செய்யவைத்துவிடலாம், அதைத் திருத்தவும் ஒரு தாள் வேண்டும் என்பது எங்கள் தொழிலின் லட்சணம்.

அரை மணி நேரத்தில் ஜேசிபி வந்தது. புல்வெளியைக் குறுக்கே உழுதுகொண்டு போய்க் கல்லைத் தூக்கியது. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, சந்தோஷமாகவே இருந்தது. கல் மண்ணை விட்டு எழும்பும்போது காதர் பாய் “பிஸ்மில்லா” என்று சொல்லி, ஓடிப்போய்க் கேட்டை விரியத் திறந்தார். கான்கிரீட் வேண்டாம், இறுக நாளாகும், காலையில் சுமை இறக்க வேண்டும் என்றேன். சுற்றிலும் உடைகல்லைப் போட்டு இடித்துக் கெட்டித்தார்கள். இருட்டுவதற்குள் கல் ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டது. நாலடி ஒரு அங்குலம். நாடா வைத்து மூன்று முறை அளந்தேன்.

ஏழு மணிக்கு உரிமையாளர் கூப்பிட்டார். அவர் போனை வைத்ததும் சென்னையிலிருந்து என் மேலதிகாரி கூப்பிட்டார். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். நாளை காலை நான் கிளம்பிவிட வேண்டும், ஹோட்டல் வாசல் பலகையில் தோட்டம் வடிவமைத்தவர் என்று என் பெயர் இருக்காது. எடுக்கட்டும். அந்தப் புல்லுக்கும் செத்த பனைகளுக்கும் அடியில் என் பெயர் இருந்து என்ன ஆகப்போகிறது? ஒரு பயம் மட்டும் இருந்தது. நான் போனதும் கல்லை மறுபடி உள்ளே இழுத்துவிட்டால்?

“உள்ள இருந்தா அது அவுக சாமான் மேடம்” என்றார் காதர் பாய். “ரோட்டுல நிக்கிறதுல கை வச்சா ஊரு வந்து நிக்கும். நானும் நிப்பேன்.”

வியாழக்கிழமை, காலை 8.10. பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் பாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். முன்படியில் கூடையை வைத்துக்கொண்டு இறங்கினார். கல் நின்றுவிட்டது என்று சொன்னேன். சும்மாட்டுத் துணியைச் சுருட்டி, என் தலையில் வைத்தார்.

“நட்டு நிறுத்துனா மொதச் சும வேத்தாளு எறக்கணும். சொந்தக்காரி எறக்கக் கூடாது. தூக்கு.”

இருபது கிலோவுக்குக் குறையாது. கண்டக்டரும் அவருமாக ஏற்றிவிட்டார்கள். ஐம்பது அடி போவதற்குள் கழுத்து நடுங்கியது. நூறு அடியில் காதுக்குப் பின்னால் ஈரம் வழிந்தது, வேர்வையா கருவாட்டுத் தண்ணீரா தெரியவில்லை. திரும்பிப் பார்க்க முடியாது, குனிய முடியாது, எதிரே வருகிற மோட்டார் பைக்குக்கு ஒதுங்க முடியாது. சுமக்கிறவளுக்கு ஊர் முழுவதும் கண் மட்டத்தில் ஒரு கோடாகத்தான் தெரிகிறது என்பதை அன்று கண்டேன். சத்திரம் தெரிகிற வளைவில் இனி முடியாது, போட்டுவிடுவேன் என்று நினைத்தேன். “நட, நட. அந்தா நிக்கிறா” என்றார் பாக்கியம் பின்னாலிருந்து.

கல்லருகே போய், பக்கவாட்டில் திரும்பி, தோளைச் சாய்த்தேன். கூடை வழுக்கிக்கொண்டு கல்லில் போய் உட்கார்ந்தது. யாரும் கை கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டியும் இருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பாக்கியம் முந்தானையை எச்சில் தொட்டு, பக்கவாட்டு எழுத்துகளில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்தார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை துடைத்தார்.

“நாலு மாசமா நெறமாசமாவே இருந்திருக்கா” என்றார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன், அந்த வார்த்தைக்கு அங்கே என்ன மதிப்பு என்று கேட்காமல் விட்டேன். அவர் வெற்றிலை போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றிருந்தேன். நான் ஏற வேண்டிய மதுரை பஸ் ஆற்றுப் பாலத்தில் திரும்புவது தெரிந்தது. அவர் சும்மாட்டை வைத்துக்கொண்டதும், கூடையை ஏற்றிவிடலாம் என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

“வேணாம். அதுக்குத்தான அவ இருக்கா” என்று சொல்லி, கூடையைத் தோளோடு அணைத்து, கல்லிலிருந்து தானே தலைக்கு ஏற்றிக்கொண்டு, சந்தைப் பக்கம் நடந்தார்.